பத்து லட்சம் ஏக்கரும் ஒரு மாலுமியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் கடற்படையும் வணிகமும் ஆட்சிமன்றமும் ஒரே வீட்டின் மூன்று அறைகளாக இருந்தன என்பதைப் பிலிப் பார்க்கர் கிங்கின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது. அவர் 1791-இல் நார்ஃபோக் தீவில் பிறந்தார். பின்னாளில் அக்குடியேற்றத்தின் மூன்றாம் ஆளுநரான பிலிப் கிட்லி கிங் அவருடைய தந்தை. முதல் ஆளுநரான ஆர்தர் பிலிப்பின் நினைவாகவே மகனுக்குப் பெயரிடப்பட்டது.

1807-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த கிங்குக்குப் புகழ் தேடித் தந்தது போரன்று, அளவைப் பணி. மேத்யூ ஃபிளிண்டர்ஸ் வரைந்த ஆஸ்திரேலியக் கடற்கரை வரைபடத்தில், குறிப்பாக வடக்கிலும் வடமேற்கிலும், நிரப்பப்படாத இடைவெளிகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் முந்திக்கொள்வார்களோ என்ற அச்சமும் லண்டனை உறுத்தியது. 1817 முதல் 1822 வரை நான்கு பயணங்களில் கிங் அந்த இடைவெளிகளைப் பெரும்பாலும் நிரப்பினார். அவருக்கு முதலில் கிடைத்தது, கல்கத்தாவில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 84 டன் சிறுகலமான ‘மெர்மெய்ட்’. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, நம் கடற்கரை மீனவர்கள் ‘பாகம்’ என்று சொல்லும் கைவிரி அளவைப் போன்ற அலகால் ஆழத்தைக் கணக்கிட்டு, அதனைக் கரையின் கோணங்களோடு பொருத்தி வரைவதே வேலை. இதனை அறியாத நீரில், பாறைத்திட்டுகளுக்கு நடுவே, ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. தாவரவியலாளர் ஆலன் கன்னிங்ஹாமும், முன்பு ஃபிளிண்டர்ஸுடன் கண்டத்தைச் சுற்றி வந்த பழங்குடித் தலைவர் பங்காரியும் முதல் பயணத்தில் உடன் சென்றனர். கரையில் எதிர்ப்பட்ட மக்களிடம் நல்லெண்ணம் தேடித் தருவதில் பங்காரியின் உதவி ஈயக்குண்டுக்குக் குறைந்ததன்று. 1820-இல் நீர் கசிந்த கப்பலை வடமேற்குக் கரையில் சாய்த்துப் பழுதுபார்த்தபோது ஒரு போவாப் மரத்தில் பொறித்த கப்பலின் பெயரும் ஆண்டும் இன்றும் அங்கே காணக் கிடைக்கின்றன.

அடுத்து 1826 முதல் 1830 வரை, தென்னமெரிக்காவின் தென்முனையை அளக்கும் பணிக்கு அவர் தலைமை தாங்கினார். அவருடைய ‘அட்வென்ச்சர்’ கப்பலுக்குத் துணையாகச் சென்றதே, பின்னர் சார்லஸ் டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ ஆகும். டார்வினின் பயணத்தில் கிங்கின் மூத்த மகனும் இளநிலை அதிகாரியாக இருந்தார். சிட்னி வந்த டார்வின் 1836-இல் கிங்கின் இல்லத்துக்கும் சென்றார்.

நெப்போலியப் போர்கள் முடிந்தபின் கடற்படை சுருங்கியதால், கப்பல் கிடைக்காத அதிகாரிகள் ‘அரைச் சம்பளம்’ என்னும் காத்திருப்பு ஊதியத்தில் காலம் தள்ளினர். அத்தகையோருக்குக் குடியேற்றங்களே இரண்டாம் வாழ்வைத் தந்தன. கிங்குக்கு அது ஆஸ்திரேலிய வேளாண் கம்பெனியின் வடிவில் வந்தது. 1824-இல் பத்து லட்சம் பவுன் முதலீட்டுத் திட்டத்துடன் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. போர்ட் ஸ்டீபன்ஸ் பகுதியில் அந்நிலம் வோரிமி மக்களின் வாழிடம் என்பது பட்டயத்தை எழுதியவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கம்பளி ஆடு வளர்ப்போடு நியூகாசில் நிலக்கரியும் அதன் கையில் இருந்தது. வடதுருவக் கடலில் பெயர்பெற்ற எட்வர்ட் பாரி முன்பு இதனை நிர்வகித்தவர் என்பதால், கப்பலில் ஒழுங்கு காத்தவர் பண்ணையிலும் காப்பார் என்று லண்டன் இயக்குநர்கள் நம்பினார்கள் போலும்.

1839-இல் பொறுப்பேற்ற கிங் எதிர்கொண்டதோ, கடற்படை ஒழுங்கால் தீராத சிக்கல்கள். கூலியின்றிக் கிடைத்த கைதி உழைப்பின் ஊற்று, நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840-இல் நிறுத்தப்பட்டதும் வற்றத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் குடியேற்றத்தையே உலுக்கிய பொருளாதார மந்தம் கம்பளி வருமானத்தைக் குலைத்தது. போட்டியாளர்களைத் தடுத்து வந்த நிலக்கரித் தனியுரிமையும் 1847-இல் முடிவுக்கு வந்தது. 1849-இல் அவர் பதவியிலிருந்து விலகினார்.

அரசியல் வாழ்க்கையும் இந்தப் பதவியோடு பின்னியதே. சட்டமியற்றும் மன்றத்தின் உறுப்பினர்களை ஆளுநரே நியமித்து வந்த 1839-இல் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆயினும், இத்தனை பெரிய கம்பெனியின் நிர்வாகி அங்கே அமர்வது முறையன்று என்று ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ் கருதியதால் அவர் விலக நேர்ந்தது. நலன்களின் மோதல் என்று இன்று சொல்லப்படுவதை, அறைகளுக்கிடையே சுவரே இல்லாத அக்காலத்தில் கிப்ஸ் கண்டுகொண்டது கவனிக்கத்தக்கது. பின்னர், மன்றத்தின் ஒரு பகுதிக்குத் தேர்தல் வந்தபின், 1850-இல் கிளாஸ்டர், மக்குவாரி மாவட்டங்களின் உறுப்பினராக கிங் மீண்டும் உள்ளே நுழைந்தார். கம்பெனியின் போர்ட் ஸ்டீபன்ஸ் நிலங்கள் கிளாஸ்டர் மாவட்டத்தில்தான் இருந்தன.

1855-இல் ஓய்வுப் பட்டியலில் அவருக்கு ரியர் அட்மிரல் பதவி வழங்கப்பட்டது. ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்து அந்நிலையை எட்டிய முதல் மனிதர் என்ற அந்தப் பெருமையை அவர் அனுபவித்தது சில மாதங்களே. 1856 பிப்ரவரியில் காலமானார்.