ஒரு வங்கி கவிழ்ந்தால் இன்னும் எத்தனை கவிழும்?

ஜூன், டிசம்பர் வாக்கில் நான் ஆவலோடு காத்திருந்து வாங்கிப் படிப்பது ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கை. பேரைக் கேட்டால் தூக்கம் வரும், உள்ளே போனால் அத்தனையும் பேரழிவு! வங்கிகள் திவாலாகுமா என்று அவற்றை ஆளும் வங்கியே உட்கார்ந்து கற்பனை செய்து, கணக்குப் போட்டு, அச்சிட்டும் விடுகிறது. 2010 முதல் இது நடக்கிறது.

சோதனைகளைப் பாருங்கள். ஒவ்வொரு வங்கியிலும் முதல் மூன்று பெரிய கடன்காரர்கள் கைவிரித்துவிட்டால்? வட்டி 2.5 சதவீதப் புள்ளி எகிறி, கையிலிருக்கும் பத்திரங்களின் விலை சரிந்தால்? டெபாசிட்காரர்கள் திமுதிமுவென்று வந்து பணம் கேட்டால்? முதல் இரண்டிலும், அடி வாங்கிய பிறகும் மூலதன விகிதம் 9 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா, மூன்றாவதில், எளிதில் பணமாக்கக்கூடிய சொத்து போதுமா என்பதுதான் கேள்வி.

எனக்கு உயிர், வலைப்பின்னல் படம். வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்திருக்கும் கோடுகள் சிலந்தி வலை போலப் பின்னிக்கிடக்கும். யாரோடு அதிகக் கொடுக்கல் வாங்கலோ அந்த வங்கி நட்ட நடுவில். இப்போது ஒன்றைக் கவிழ்க்கிறார்கள்! அதற்குக் கடன் கொடுத்தவர்களின் பணம் போச்சு. அந்த நஷ்டத்தில் எந்த வங்கியின் முதல் அடுக்கு மூலதனம் 7 சதவீதத்துக்குக் கீழே போகிறதோ, அதுவும் விழுந்ததாகக் கணக்கு. அதற்குக் கொடுத்தவர்கள் அடுத்த சுற்று. புதிதாக யாரும் விழாத வரை ஓட்டிக்கொண்டே போவார்கள். பிறகு, யார் விழுந்தால் சேதம் அதிகம் என்று ஒரு பட்டியல். பெயர் மட்டும் இருக்காது, 'வங்கி 1', 'வங்கி 2' என்றுதான் போட்டிருக்கும். யார் அந்த வங்கி 1? ஒவ்வொரு முறையும் மண்டை காய்கிறது!

2020 ஜூலை அறிக்கையை மறக்கவே முடியாது. கொரோனா நேரம். 8.5 சதவீதமாக இருந்த மொத்த வாராக்கடன், 2021 மார்ச்சில் சாதாரண நிலையிலேயே 12.5 ஆகலாம், நிலைமை மிக மோசமானால் 14.7 என்றது. வந்ததோ சுமார் 7.5! தவணைக்கு அவகாசம், கடன் மறுசீரமைப்பு, அரசு உத்தரவாதக் கடன் எல்லாம் குறுக்கே வந்து தாங்கிப் பிடித்தன. கணிப்பு தப்பிவிட்டது என்று சிலர் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது ஜோசியம் இல்லை, எச்சரிக்கை. மூலதனத்தை முன்கூட்டியே பெருக்குங்கள் என்று அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் வங்கிகளை வற்புறுத்தியதும் அதே அறிக்கையில்தான். அந்த ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி 15,000 கோடி ரூபாயும், ஆக்சிஸ் வங்கி 10,000 கோடி ரூபாயும் சந்தையில் திரட்டின.