விரால், கொடுவா மீன்பிடிப்புக்கான தூண்டில் கருவிகள்

கோல், ரீல், பொய் இரை ஆகிய மூன்றும் இன்றைய தூண்டில் மீன்பிடிப்பின் முதன்மைக் கருவிகள். கோலின் உதவியால் இரை தொலைவில் எறியப்படுகிறது; ரீல் நரம்பைச் சுற்றி வைத்து, வேண்டியபோது விட்டும் இழுத்தும் கொடுக்கிறது; பொய் இரை உயிருள்ள தவளையையோ சிறு மீனையோ போல நடித்து, வேட்டை மீனைத் தாக்கத் தூண்டுகிறது. இணையக் கடைகளில் விற்கப்படும் இக்கருவிகளுள் பெரும்பகுதி 'பாஸ்' என்னும் மீனைக் கருத்தில் கொண்டு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வடிவமைக்கப்பட்டவை. தாம்பரம், அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளின் ஏரிகளில் அந்த மீன் கிடையாது. அங்கே தூண்டிலுக்குக் கிடைக்கும் வேட்டை மீன் விரால். கோவளம், முட்டுக்காடு உவர்நீர்ப் பகுதியில் கொடுவா. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை அப்படியே பின்பற்றாமல், மீனின் இயல்பையும் அது வாழும் நீரையும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

பெயரும் மீனும்

பாஸ் என்பது ஒரே மீனின் பெயர் அன்று. அமெரிக்கத் தூண்டில் விளையாட்டில் பேசப்படும் லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். 'ஆசிய சீபாஸ்' என்று ஆங்கிலத்தில் வழங்குவது நம் கொடுவா. இதையே ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்றும் வங்காளத்தில் பேட்கி என்றும் அழைக்கின்றனர். இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

விரால் இவ்விரண்டுக்கும் உறவில்லாத மீன். ஆனால் வேட்டையாடும் முறையில் லார்ஜ்மவுத் பாஸை ஒத்திருக்கிறது. செடிகளின் நிழலில் அசையாமல் பதுங்கியிருந்து, மேலே கடந்து செல்லும் தவளை, சிறு மீன், பூச்சி ஆகியவற்றை ஒரே பாய்ச்சலில் கவ்வும். இதனால்தான் பாஸுக்காக உருவான போலித் தவளையும் வலுவான கோலும் விராலுக்கும் பொருந்துகின்றன.

விராலின் மற்றோர் இயல்பு கருவித் தேர்வில் முக்கியமானது. அதன் செவுள்கள் மட்டும் அதன் மூச்சுக்குப் போதா. தலையின் உட்பகுதியில் காற்றைச் சுவாசிப்பதற்கென்று தனி அறை போன்ற உறுப்பு உண்டு. அவ்வப்போது நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்காவிட்டால் வளர்ந்த விரால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். ஆக்சிஜன் குறைந்த ஏரிகளிலும் அது பிழைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. நரம்பு அறுந்து செடிகளுக்கடியில் சிக்கிக்கொண்ட விரால் பிழைக்காததற்குக் காரணமும் இதுவே.

நீர்நிலைகளின் தன்மை

சிட்லபாக்கம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர் முதலிய ஊர்களின் ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்ட மழைநீர்த் தேக்கங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் சுருங்குபவை. வயல்கள் வீடுகளான பிறகு பல ஏரிகளில் கழிவுநீர் கலந்தது. கழிவுநீரிலுள்ள சத்துகளால் ஆகாயத்தாமரை பெருகுகிறது. கரையோரங்களில் கோரையும் சம்பும் அடர்ந்திருக்கும். ஆழம் குறைவு, செடி மிகுதி.

முட்டுக்காட்டு உவர்நீர்ப் பகுதி இதற்கு நேர்மாறானது. அங்கே செடிப் படலம் இல்லை. கோவளத்தில் கடலோடு சேரும் முகத்துவாரத்தை வறண்ட மாதங்களில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அது திறந்துகொள்ளும். முகத்துவாரம் திறந்திருக்கும்போது நீர் ஓடுகிறது; அதன் உப்புத்தன்மையும் மாறுகிறது. பாலத்தூண்கள், கற்குவியல்கள் ஆகியவற்றின் அருகே கொடுவா நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும்.

தமிழகத்து ஏரிகளில் இவ்வகைத் தூண்டிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச்.எஸ். தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலையும், 1887-இல் ஏரி, குளங்களுக்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற நூலையும் வெளியிட்டார். மூங்கில் கோல், தக்கை, மண்புழு ஆகியவற்றைக் கொண்ட உள்ளூர்த் தூண்டில் அதற்கும் மிக முந்தையது. இன்றும் கரைகளில் காணப்படுவது.

முதலில் நரம்பு

பலர் கோலை வாங்கிவிட்டுத்தான் நரம்பைப் பற்றி யோசிக்கின்றனர். வரிசை இதற்கு மாறாக இருக்க வேண்டும். எவ்வளவு வலுவான நரம்பு தேவை என்பது தெரிந்தால்தான் அதைத் தாங்கும் கோலும் ரீலும் எவை என்பது தெரியும்.

தூண்டில் நரம்பு மூன்று வகைப்படும். ஒற்றை இழை நைலான், 'தங்கூசி' என்று வழங்குவது, மலிவானது, இழுத்தால் நீளும். புளோரோகார்பன் நீரில் எளிதில் தெரியாதது, உராய்வைத் தாங்குவது. பின்னல் நரம்பு பல நுண்ணிழைகளைப் பின்னிச் செய்வது, அதே வலுவுள்ள நைலானைவிட மிக மெல்லியது, ஏறக்குறைய நீளாதது.

வலுவைப் பவுண்டில் குறிப்பிடுவது வழக்கம். ஒரு பவுண்டு சுமார் 0.45 கிலோ. இரண்டு கிலோ விராலுக்கு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ தாங்கும் நரம்பு எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. முள் தைத்தவுடன் விரால் ஆகாயத்தாமரை வேர்களுக்குள் நுழையும். பிறகு இழுக்க வேண்டியது மீனை மட்டுமன்று; நரம்பில் சுற்றிக்கொண்ட ஈரச் செடிகளையும் சேர்த்துத்தான். மீனின் எடையைக் காட்டிலும் செடிகளின் எடை கூடுதலாக இருப்பதுண்டு. ஆகவே நரம்பின் வலுவைத் தீர்மானிப்பதில் மீனின் எடையைவிட அது ஒளியும் இடமே முக்கியம். அடர்ந்த செடியில் 40 முதல் 50 பவுண்டுப் பின்னல் நரம்பும், ஓரளவு திறந்த நீரில் 30 பவுண்டும் ஏற்றவை. மெல்லிய நரம்பே திறமையின் அடையாளம் என்ற எண்ணம் இங்கே மீனுக்குக் கேடாக முடியும்.

கொடுவாவுக்கு 20 முதல் 30 பவுண்டுப் பின்னல் நரம்பு போதும். ஆனால் அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோல் கூர்மையானது, வாயும் சொரசொரப்பானது. பின்னல் நரம்பு உராய்வில் எளிதில் அறும். எனவே அதன் நுனியில் சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 அல்லது 40 பவுண்டு புளோரோகார்பனையோ தடித்த நைலானையோ முன்நரம்பாக இணைக்க வேண்டும்.

கோல்

கோலின் அடிப்பகுதியில் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். நீளம், தாங்கும் நரம்பின் வலு, எறியத்தக்க இரையின் எடை ஆகியவற்றை அவை குறிக்கும். விளம்பர வாசகங்களைவிட இந்த எண்களே பயனுள்ளவை. இரையின் எடையே கோலை வளைத்து எறியும் விசையைத் தருகிறது. 10 கிராம் தவளையை, 30 கிராமுக்கு மேற்பட்ட இரைக்காகச் செய்த கோலில் கட்டினால் கோல் வளையாது. இரையும் தொலைவுக்குப் போகாது.

கோலைப் பற்றி இரு சொற்கள் வழங்குகின்றன. 'பவர்' என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பது. 'ஆக்‌ஷன்' என்பது கோல் எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. நுனிப்பகுதி மட்டும் வளைந்தால் 'ஃபாஸ்ட்'. நடுப்பகுதி வரை வளைந்தால் 'மாடரேட்'. செடிகளிடையே விரால் பிடிக்க 'மீடியம் ஹெவி' அல்லது 'ஹெவி' பவரும் 'ஃபாஸ்ட்' ஆக்‌ஷனும் கொண்ட, 6.5 முதல் 7 அடிக் கோல் பொருத்தமானது. போலித் தவளையின் தடித்த இரட்டை முள்ளைத் தைக்கவும், மீனை உடனே செடிக்கு மேலே தூக்கவும் இந்த விறைப்பு தேவை. கொடுவா நீரைவிட்டுத் துள்ளித் தலையை உதறும் மீன். சற்று இளகிய, 'மீடியம்' அல்லது 'மீடியம் ஹெவி' கோல் அந்த உதறலைத் தாங்கி முள் கழன்றுவிடாமல் காக்கும்.

கண்ணாடியிழைக் கோல் கனமானது; ஆனால் அடிபட்டாலும் எளிதில் உடையாது. கார்பன் கோல் இலேசானது. மீனின் மெல்லிய தொடுகையையும் கைக்குக் காட்டும். ஆனால் மீனைக் கரைசேர்க்கும்போது அதைச் செங்குத்தாக உயர்த்தினால் நுனி ஒடியக்கூடும்.

ரீல்

ஸ்பின்னிங் ரீல் கோலுக்குக் கீழே தொங்கும். பழகுவது எளிது, இலேசான இரையையும் எறியும். பெயிட்காஸ்டிங் ரீல் கோலுக்கு மேலே அமரும். தடித்த நரம்பையும் கனமான இழுப்பையும் நன்றாகக் கையாளும். ஆனால் எறியும்போது சுருளின் வேகத்தைக் கட்டைவிரலால் கட்டுப்படுத்தாவிட்டால் நரம்பு சிக்கலாகும். புதியவர்களுக்கு 3000 அல்லது 4000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் இரு மீன்களுக்கும் பொதுவாக உதவும்.

'கியர் விகிதம்' என்பது கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் எத்தனை சுற்று நடக்கிறது என்பதைக் காட்டும் எண். 7:1 விகிதமுள்ள பெயிட்காஸ்டிங் ரீலில், சுருளின் சுற்றளவு 10 செ.மீ. என்றால், ஒரு சுற்றுக்குச் சுமார் 70 செ.மீ. நரம்பு உள்ளே வரும். தவளை இரைக்கு இந்த வேகம் நல்லது. மீன் கவ்வியதும் தளர்ந்த நரம்பை விரைவாக இழுக்க முடியும்.

'டிராக்' என்பது மீன் இழுக்கும்போது நரம்பை ஓரளவு விட்டுக்கொடுக்கும் உராய்வு அமைப்பு. திறந்த நீரில் இதை நரம்பு, முன்நரம்பு இரண்டில் வலுக் குறைந்ததன் தாங்கும் அளவில் நான்கில் ஒரு பங்குக்கு வைப்பது பொது வழக்கம். 20 பவுண்டு, அதாவது 9 கிலோ நரம்பானால் சுமார் 2.3 கிலோ. சாமான் எடைபோடும் ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி இழுத்தால் இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். செடிகளிடையே மீனுக்கு நரம்பை விட்டுக்கொடுக்க இடமில்லை; அங்கே டிராக்கை மேலும் இறுக்க வேண்டும்.

பேரிங் எண்ணிக்கை அதிகமுள்ள ரீலே சிறந்தது என்பது சரியன்று. டிராக் தடையின்றி வழுக்கிச் சுழல்கிறதா, கைப்பிடி ஆட்டமில்லாமல் இருக்கிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. உவர்நீரில் பயன்படுத்திய ரீலையும் கோலின் வளையங்களையும் அன்றே நன்னீரில் மெதுவாக அலசித் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

பொய் இரைகள்

போலித் தவளை: உள்ளீடற்ற மென்மையான உடலும், முதுகை ஒட்டி மேல்நோக்கிய இரண்டு முட்களும் உடையது. செடிமேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போது உடல் நசுங்கி முள் வெளிப்படும். நீர் தெறித்தவுடன் இழுக்காமல், மீன் இரையோடு உள்ளே போனதை நரம்பில் உணர்ந்த பிறகே கோலை வெட்டி இழுக்க வேண்டும். உயிர்த் தவளையை முள்ளில் கோக்கும் பழைய வழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

மென்புழு: முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள் மறைத்துக் கோப்பது. செடிகளுக்கு இடையே உள்ள திறப்புகளில் மெதுவாக இறக்குவதற்கு ஏற்றது.

ஸ்பின்னர் இரை: சுழலும் தகடு ஒளியையும் அதிர்வையும் எழுப்பும். கலங்கிய நீரில் மீனுக்கு இரை இருக்குமிடத்தை அறிவிக்கும்.

மின்னோ: சிறு மீன் வடிவத்தில், இழுக்கும்போது மூழ்கி நெளியும் கடின இரை. கொடுவாவுக்கு 8 முதல் 12 செ.மீ. நீளமுள்ளது ஏற்றது. மூன்று கொக்கி முட்கள் உள்ளதால் செடி நிறைந்த ஏரிக்குப் பயன்படாது.

ஈயத்தலை மென்மீன்: எடையுள்ள முள்ளில் கோத்த ரப்பர் மீன். ஓடும் நீரில் அடிப்பகுதியைத் தொட்டபடி இழுத்துக் கொடுவாவைத் தேடலாம்.

நிறங்கள் பல வாங்குவதைவிட, மேற்பரப்பில் ஒன்று, நடுநீரில் ஒன்று, அடிப்பகுதியில் ஒன்று என மூன்று ஆழங்களுக்குரிய இரைகளை வைத்திருப்பது பயனுள்ளது.

விட வேண்டிய மீன்கள்

மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேற்பரப்பில் குமிழியிடுவதைக் காணலாம். அவற்றின் கீழே தாய் விராலும் தந்தை விராலும் காவல் நிற்கும். பசியில்லாவிட்டாலும் அருகில் வரும் எதையும் அவை தாக்கும். ஆகவே அங்கே தவளையை எறிந்தால் மீன் எளிதில் கிடைக்கும். காவல் போனபின் குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. ஒரு மீனுக்காக ஒரு தலைமுறையே அழிவதால், குஞ்சுக் கூட்டத்தின் மேல் இரை எறியாதிருப்பது நல்ல வழக்கம்.

கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். எனவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்கள். அவற்றை விடுவது அடுத்த பருவத்தின் முட்டைகளைக் காப்பதாகும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவை அடைப்பில் இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. அதன் சோதனைக்கூடம் முட்டுக்காட்டிலேயே உள்ளது.

விட எண்ணுபவர்கள் முள்ளின் எதிர்த்தாடியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கினால் முள்ளை விரைவில் கழற்றலாம். ஈரக் கையால் பிடித்து, வயிற்றைத் தாங்கி நீரில் விட வேண்டும்.

அனுமதியும் பாதுகாப்பும்

ஏரி பொதுவானது என்பதால் அதன் மீன் எல்லோருக்கும் உரியது ஆகிவிடாது. பல ஏரிகளில் மீன்பிடி உரிமை 'மீன்பாசி குத்தகை' என ஏலம் விடப்படுகிறது. குத்தகைதாரர் வளர்ப்புக்காகக் குஞ்சுகளை விட்டிருக்கக்கூடும். அவரிடம் கேட்ட பிறகே தூண்டில் போட வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அதன் காப்புக்காட்டுப் பகுதியில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது.

கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே கோலை உயர்த்துவதும், இடி மின்னலின்போது கரையில் நிற்பதும் உயிருக்கு ஆபத்து. அறுந்த நரம்பைக் கரையில் போட்டால் கொக்கு, நாரை, நீர்க்காகம் ஆகியவற்றின் கால்களில் சுற்றிக்கொள்ளும். பின்னல் நரம்பு விரைவில் மக்காது. ஆகவே வெட்டிய துண்டுகளைச் சிறு புட்டியில் சேர்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், செடியில் சிக்கிய இரையை முடிந்தவரை மீட்டுவிடுவதும் தூண்டில்காரரின் பொறுப்பாகும்.