ஒரு மூச்சும் ஒரு நண்பனும்: பேரலையில் விழுந்தவர் பிழைப்பது எப்படி?

மாணவர்களே, ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது வினாடி இருங்கள். எளிதாகத்தான் இருக்கும். இப்போது எழுந்து, நின்ற இடத்திலேயே அரை நிமிடம் வேகமாகக் குதியுங்கள். குதித்து முடித்ததும் உட்கார்ந்து மறுபடியும் மூச்சைப் பிடியுங்கள். பத்து வினாடிக்குள்ளேயே மார்பு இறுகத் தொடங்கிவிடும்.

அதே உடல், அதே நுரையீரல். ஆனால் மூச்சு நீடிக்கும் நேரம் பாதியாகிவிட்டது. மாடிக் கட்டடம் போன்ற ஓர் அலை ஒருவரைக் கவிழ்த்து உள்ளே இழுத்துக்கொண்டால், அவர் பிழைப்பதும் பிழைக்காததும் பெருமளவு இந்த வேறுபாட்டைப் பொறுத்ததே.

கையால் துழாவி ஏறும் அலை

அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் வைமியா வளைகுடா, கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மேவரிக்ஸ் ஆகிய இரண்டும் பேரலைகளுக்குப் பெயர்போன இடங்கள். குளிர்காலத்தில் வட பசிபிக் பெருங்கடலில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் நெடுந்தொலைவு கடந்து இங்கே வந்து சேர்கின்றன. கடலடித் தரை மேடாகும் இடத்தில் அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. நீரின் ஆழம், அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலையின் உச்சி முன்னால் கவிழ்ந்து உடைகிறது.

இத்தகைய அலையில் ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஜெட் ஸ்கியில் கயிறு கட்டி இழுத்துச் செல்லச் சொல்வது. மற்றொன்று, பலகையில் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் தண்ணீரைத் துழாவி, அலையின் வேகத்தை எட்டிப் பிடிப்பது. இரண்டாவதுதான் பழைய முறை; கடினமானதும்கூட. அலை உடையப்போகும் கடைசி நொடியில், அதன் உச்சியில் இருந்துதான் எழுந்து நிற்க வேண்டும். கால் சற்றுத் தவறினாலும் நேராகக் கீழே விழ வேண்டியதுதான்.

ஒரு மைவி காரின் எடை

ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோகிராம். நம் சாலைகளில் ஓடும் மைவி காரின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேரலை ஒன்று உடையும்போது இத்தகைய பல நூறு கன மீட்டர் நீர் ஒரே நேரத்தில் கவிழ்கிறது. அலையின் உயரம் இரண்டு மடங்கானால், அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உள்ளே போனவர் துணி துவைக்கும் இயந்திரத்தில் அகப்பட்டதுபோல் சுழற்றப்படுகிறார். ஒரே இருட்டு. மேல் எது, கீழ் எது என்று தெரியாது. உடனே நீந்தி மேலே வர வேண்டும் என்றுதான் மனம் துடிக்கும். ஆனால் அப்போது நீந்திப் பயனில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, சுழலும் நீரின் விசைக்கு முன் நம் தசைகளின் விசை மிகச் சிறியது. இரண்டாவது, உடைந்த அலையின் நுரையில் பாதி காற்று. காற்று கலந்த நீரின் அடர்த்தி குறைவு. அடர்த்தி குறைந்தால் மிதப்பு விசையும் குறையும். கையால் தள்ளினாலும் பிடிமானம் கிடைக்காது.

சில வினாடிகளில் அலை கடந்து போய்விடும். நுரைக்குமிழிகள் மேலே ஏறிவிடும். நீர் மீண்டும் அடர்த்தியாகும். நீந்த வேண்டிய நேரம் அதுதான். அதுவரை தலையைக் கைகளால் மூடி, உடலைச் சுருட்டி, தளர்வாக இருப்பதே அறிவுடைமை.

மேல் திசையைக் காட்ட ஒரு வழிகாட்டியும் உண்டு. வீரரின் காலையும் பலகையையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். பலகை எப்போதும் மிதக்கும். எனவே கயிற்றைப் பிடித்து ஏறினால் நீர்மட்டத்துக்கு வரலாம்.

மூச்சு முட்டுவது ஏன்?

மூச்சைப் பிடித்திருக்கும்போது நெஞ்சு துடிப்பது உயிர்வளி தீர்ந்துவிட்டதால் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இரத்தத்தில் கரிவளி கூடுவதை உணர்ந்துதான் மூளை அந்த எச்சரிக்கை மணியை அடிக்கிறது. மணி அடிக்கத் தொடங்கும்போது உடலில் உயிர்வளி இன்னும் மிச்சமிருக்கும். பேரலை வீரர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். அதனால் அந்தத் தவிப்பைக் கண்டு அவர்கள் பதறுவதில்லை.

பதறினால் என்னாகும்? குதித்த பிறகு செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். இதயம் வேகமாகத் துடிக்கும். தசைகள் உயிர்வளியை விரைந்து செலவழிக்கும். கரிவளி விரைந்து சேரும். அமைதி என்பது இங்கே வெறும் மன தைரியம் அல்ல, அது உயிர்வளிச் சேமிப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீருக்குள் போகுமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது ஆபத்தான தவறு. வேக மூச்சு உயிர்வளியைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. கரிவளியை மட்டும் வெளியேற்றுகிறது. எச்சரிக்கை மணி அடிக்குமுன்பே உயிர்வளி தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பும். நீச்சல் குளத்தில் யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று நண்பர்களோடு ஒருபோதும் போட்டி போடாதீர்கள்.

இரண்டாவது அலை

புயலிலிருந்து வரும் பேரலைகள் பெரும்பாலும் 15 முதல் 20 வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் அலையில் மூழ்கியவர் மேலே வருமுன் அடுத்த அலை வந்துவிட்டால், அவர் அதே மூச்சோடு இன்னொரு சுற்றும் தாங்க வேண்டும். 2010இல் மேவரிக்ஸில் ஷேன் டோரியன் என்ற ஹவாய் வீரருக்கு இதுதான் நேர்ந்தது. இரண்டு அலைகளுக்கு அடியில் சிக்கி மயிரிழையில் தப்பினார். அதன்பின் அவர் கொடுத்த யோசனையில் உருவானதுதான் ஊதிப் பெருகும் மேலாடை. கைப்பிடியை இழுத்தால், சிறு உருளையில் அடைத்த கரிவளி மேலாடைக்குள் பாய்ந்து ஆளை மேலே தூக்கும்.

ஆனால் பாயில் விதியை மறக்க வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே அதே அளவு வளி, நீர்மட்டத்தில் எடுக்கும் இடத்தில் பாதியைத்தான் நிரப்பும். ஆழம் கூடக் கூட மேலாடையின் உதவி குறையும். கருவி உதவும், ஆனால் அதுவே உறுதிமொழி ஆகாது.

மேலே நிற்கும் கண்கள்

சிங்கப்பூரில் பிறந்து ஹவாயில் பெயர்பெற்ற வீரர் மார்க் ஃபூ, 1994 டிசம்பர் 23 அன்று மேவரிக்ஸில் விழுந்தார். அன்றைய மிகப் பெரிய அலைகூட அல்ல அது. சுற்றிலும் திறமைமிக்க வீரர்கள் இருந்தார்கள். படகுகளில் புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். ஆயினும் அவர் எழவில்லை என்பதை யாரும் உடனே கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து அவருடைய உடல் மிதந்தபடி கண்டெடுக்கப்பட்டது.

2011 மார்ச்சில் அதே இடத்தில் சியோன் மிலோஸ்கி என்ற வீரர் உயிரிழந்தார். அவருடைய நண்பர் டானிலோ கூட்டோ அந்தத் துயரத்தோடு நின்றுவிடவில்லை. சக வீரர்களைத் திரட்டி, முதலுதவி, இதய இயக்க மீட்பு, அலைகளைக் கணித்தல், ஒருவரையொருவர் கண்காணித்தல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, ஹவாயின் மகாஹா கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பஃபலோ கியாவுலானாவின் மகன் பிரையன், ஜெட் ஸ்கியில் விரைந்து சென்று மீட்கும் முறையை வளர்த்திருந்தார். தந்தையின் பணியை மகன் அடுத்த படிக்குக் கொண்டுசென்றார்.

இன்று ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் வினாடிகளை எண்ணத் தொடங்குகிறார்கள். அவருடைய பலகை நீரில் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். நின்றால், கயிற்றின் மறுமுனையில் ஆள் ஆழத்தில் இருக்கிறார் என்று பொருள். உள்ளே இருப்பவரின் வேலை, மூச்சைக் காப்பது. அவர் நினைவிழந்தால் மீட்க வேண்டியது மேலே இருப்பவரின் வேலை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் உயிர் தங்காது.

நம் கடற்கரையில்

மேவரிக்ஸுக்கு நாம் போகப்போவதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பகாங் மாநிலத்தின் செராத்திங் போன்ற கிழக்குக் கரைகளிலும் அலைகள் உயர்கின்றன. அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே அப்போதுதான் வருகிறார்கள். குடும்பத்தோடு குளிக்கப் போகும் நமக்கும் அதே இரண்டு பாடங்கள் பொருந்தும்.

சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். அலை உங்களைக் கவிழ்த்தால் போராடாதீர்கள். தலையைக் காத்து, அலை கடந்ததும் ஒரு கையை உயர்த்தியபடி மேலே வாருங்கள். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கையசைத்து உதவி கேளுங்கள்; முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள். நண்பன் தத்தளித்தால் நீங்களும் குதித்துவிடாதீர்கள். மிதவை, மூடிய காலிக் கலன், ஐஸ் பெட்டி என மிதக்கும் எதையேனும் வீசுங்கள். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், காரிலிருந்து இறங்கியதும் ஒன்று செய்யுங்கள். யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்று பேசி முடிவெடுங்கள். தம்பிக்கு யார், தங்கைக்கு யார், உங்களுக்கு யார்? பதில் கிடைத்த பிறகு தண்ணீரில் கால் நனையுங்கள்.