நாற்பது குதிரையில் பதினொன்று எங்கே போனது?

“அக்கா, புக்குல நாப்பதுன்னு போட்டிருக்கு. மெஷின் இருபத்தொம்போதுதான் காட்டுது. மிச்சம் பதினொண்ணு எங்க போச்சு? இன்ஜினை மறுபடி இறக்கிடவா?”

பூந்தமல்லியில் பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை எழுப்பி நிறுத்திய இளைஞர் கேட்ட கேள்வி இது. சிலிண்டரை ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கை லேத் பட்டறைக்கு அனுப்பி, வால்வு உட்காரும் இடத்தையெல்லாம் புதிதாக்கியிருந்தார். கடைசியில் ஆசையாக வண்டியை டைனோவில் ஏற்றினார். கிடைத்த தாளைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்ஜின் சோதனைக் கூடங்களின் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் பணிக்காலம் முழுவதும் நான் செய்த வேலை. இப்போது ஓய்வு பெற்றுத் திருமுல்லைவாயலில் இருக்கிறேன். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் டைனோ தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அநேகமாக எல்லோருடைய கவலையும் ஒன்றுதான். அவர்களில் பெரும்பாலானவர்களின் இன்ஜினில் குறையே இருக்காது. பத்மினிக்காரருக்கும் அதையே சொன்னேன்: “தம்பி, இன்ஜினைத் தொடாதே. அந்தப் பதினொண்ணுக்கும் கணக்கு இருக்கு.”

டைனோ எதை அளக்கிறது?

டைனமோமீட்டர் குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை. இன்ஜின் எவ்வளவு பலமாகத் திருகுகிறது, நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற இரண்டையும் அளந்து, பெருக்கிச் சொல்கிறது. திருகுவிசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 4,800 சுற்றில் 60 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 30 கிலோவாட். அதாவது 40 குதிரைத்திறன். இரண்டில் எது ஒரு சதவீதம் பிசகினாலும் விடையும் ஒரு சதவீதம் பிசகும்.

இந்த வித்தை பழையது. 1821-இல் பிரான்சின் காஸ்பார் தெ ப்ரோனி, சுழலும் அச்சைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடி ஒரு நீண்ட கையை எவ்வளவு தூக்குகிறது என்று எடை வைத்து அளந்தார். 1877-இல் வில்லியம் ஃப்ரூட் கட்டைக்குப் பதில் தண்ணீரைத் தடையாக்கினார். இன்று பல இடங்களில் மின்காந்தத் தடை இருக்கிறது. தடை மாறினாலும், ஒரு கை, அதன் முனையில் ஒரு விசை என்ற அடிப்படை மாறவில்லை.

எங்கள் பகுதியில் இதைப் பெரிய அளவில் செய்யும் இடம் ஆவடி. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான். அதன் லேலண்ட் எல்60 இன்ஜின் 535 குதிரைத்திறன். பின்னால் வந்த டி-72 டாங்கியின் இன்ஜின் 780. அத்தகைய இன்ஜினைத் தனியே ஒரு மேடையில் பூட்டி, கிராங்க் அச்சையே டைனோவோடு இணைத்துச் சோதிப்பார்கள். பழைய கார்க்காரர்கள் போவது உருளை டைனோவுக்கு. அங்கே இன்ஜின் வண்டிக்குள்ளேயே இருக்கும்; பின்சக்கரம் உருளையைச் சுற்றும். கிராங்க் முனையில் இருக்கும் திறன் வேறு, டயர் தரையைத் தள்ளும் திறன் வேறு. வண்டியின் புத்தகம் சொல்வது முதலாவதை. உருளை சொல்வது இரண்டாவதை. ஒன்றை மற்றதோடு நேராக ஒப்பிடுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

பதினொன்றுக்கு ஒரு கணக்கு

பத்மினியின் 1,089 சி.சி. இன்ஜினுக்குச் சுமார் 40 குதிரைத்திறன் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலத்து எண்களில் பல, இன்ஜினை அம்மணமாக நிறுத்தி எடுத்தவை. விசிறி இல்லை, ஏர் ஃபில்டர் இல்லை, சார்ஜ் செய்யும் டைனமோ இல்லை, வண்டியின் சைலன்சரும் இல்லை. இதற்கு மொத்தத் திறன் என்று பெயர். எல்லாவற்றையும் மாட்டி எடுப்பது நிகரத் திறன். இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி வரும் என்பதற்கு அமெரிக்கா நல்ல சான்று. அங்கே 1972 மாடல்களிலிருந்து நிகர எண்ணுக்கு மாறினார்கள். காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் இன்ஜின் 1971-இல் 365 குதிரைத்திறன், 1972-இல் 235. இன்ஜின் கிட்டத்தட்ட அதேதான். மாறியது அளந்த முறை.

அதற்கும் முந்தைய கார்களில் பெயரிலேயே எண் இருக்கும். மோரிஸ் எய்ட் வைத்திருப்பவர் எட்டு குதிரைதானா என்று வருந்த வேண்டாம். அது பிரிட்டனில் வரி போடுவதற்காக, சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்துப் போட்ட கணக்கு. அந்த வண்டியின் உண்மையான திறன் ஏறத்தாழ 23.

ஆக, நம் பத்மினியின் 40 மொத்தத் திறன் என்று வைத்துக்கொண்டால், எல்லாப் பாகங்களையும் மாட்டிய பின் 35 என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஐந்து போயிற்று.

அடுத்தது வெயில். சூடான காற்று லேசானது. ஈரக் காற்றில் ஆக்சிஜனின் இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. அதனால் டைனோவின் கணினி அன்றைய வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் வாங்கி ஒரு திருத்தக் காரணியால் பெருக்குகிறது. இன்று பரவலாக உள்ள எஸ்.ஏ.இ. ஜே1349 முறை 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் உலர்ந்த காற்று என்ற நிலைக்குத் திருத்தும். மே மாதத்து அம்பத்தூர்: 38 டிகிரி, காற்றழுத்தம் 1,004 மில்லிபார், அதில் நீராவி மட்டும் 30. கணக்குப் போட்டால் காரணி சுமார் 1.045 வருகிறது. அதே நேரத்தில் அதே இயந்திரத்தில் பழைய ஜே607 முறையைத் தேர்ந்தெடுத்தால் காரணி சுமார் 1.08. வண்டியைத் தொடாமலே, திரையில் ஒரு பொத்தானை மாற்றினால் மூன்றரை சதவீதம் கூடிவிடும். மார்கழிக் காலையில் 24 டிகிரியில் ஓட்டினால் ஜே1349-க்குத் திருத்தமே ஏறக்குறைய தேவைப்படாது.

வெப்பமானி இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தகரக் கூரை ஷெட்டில், சைலன்சர் அனல் படும் மூலையில் அதை மாட்டியிருந்தால், கணினி காற்றை உண்மையைவிடச் சூடாக நினைத்து எண்ணை ஏற்றிவிடும். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 1585, காரணி 0.93-க்கும் 1.07-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது; தாண்டினால் சோதனை நடந்த நிலைமையை அறிக்கையில் தெளிவாக எழுதச் சொல்கிறது. பத்மினிக்காரரின் தாளில் எந்தத் திருத்தமும் போடவில்லை. எனவே வெயில் தின்றது ஒன்றரை. மிச்சம் முப்பத்து மூன்றரை.

கடைசிப் பங்கு கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு, டயர் இவற்றுக்குப் போகிறது. இங்கே “பதினைந்து சதவீதம் கூட்டிக்கோ” என்று ஒரு சூத்திரம் உலவுகிறது. அதை நான் ஏற்பதில்லை. இந்த இழப்பில் ஒரு பகுதி வேகத்தைச் சார்ந்தது. ஒரு பகுதி சுமையைச் சார்ந்தது. கெட்டியான கியர் ஆயில், பழைய நைலான் டயர், குறைந்த காற்று, வண்டியை உருளை மேல் இழுத்துக் கட்டிய பட்டையின் இறுக்கம் எல்லாமே அதை மாற்றும். ஓட்டம் முடிந்ததும் கிளட்சை மிதித்து, உருளையைத் தானே வேகம் குறைய விட்டு இழப்பை அளப்பது இதைவிட நல்ல வழி. சிறிய இன்ஜினுக்கு நாலரை குதிரை இப்படிப் போவது சாதாரணம். ஐந்தும் ஒன்றரையும் நாலரையும் பதினொன்று. பங்குகள் வண்டிக்கு வண்டி கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் 29 என்ற எண் நோயின் அடையாளமே இல்லை.

இயந்திரத்தையே யார் அளந்தார்கள்?

சந்தையில் எடைக்கல்லுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். டைனோவுக்கும் அப்படிப் பார்க்க வேண்டும். தடை வகை டைனோவில் இது எளிது. அரை மீட்டர் நீளச் சோதனைக் கையைப் பூட்டி, முனையில் சரிபார்த்த 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் திரையில் 98 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். 95 வந்தால், அந்த இயந்திரம் எல்லாருடைய இன்ஜினையும் மூன்று சதவீதம் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எடைகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ உராய்வு இருக்கிறது. அந்த எடைகளுக்கே என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று இருக்க வேண்டும்.

தடையே இல்லாத, கனமான உருளையை வேகமெடுக்க வைத்து மட்டும் அளக்கும் வகையில் எடை தொங்கவிட இடமில்லை. அங்கே உருளையின் சுழல்நிறையைச் சரியாக உள்ளிட்டிருக்கிறார்களா என்பதுதான் எல்லாம். உருளையோடு சேர்ந்து சக்கரம், ஷாஃப்ட், ஃப்ளைவீல் எல்லாம் வேகமெடுக்கின்றன. அதற்குச் செலவாகும் திறன் தாளில் வராது. அதனால் கியரும் முக்கியம். பத்மினி, அம்பாசடர் இரண்டுக்கும் நாலாவது கியர் நேரடி. அதில்தான் ஓட்ட வேண்டும்.

எதை நம்பலாம்?

என் அனுபவத்தில் டைனோ மிக உண்மையாக இருப்பது ஒரு விஷயத்தில்: அதே வண்டி, அதே இயந்திரம், அதே கியர், அதே டயர் காற்று, அதே இன்ஜின் சூடு. இவற்றை மாற்றாமல் ஒரு வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்தால், வரும் வித்தியாசத்தை நம்பலாம். ஒரே நிலையில் தொடர்ந்து மூன்று ஓட்டம் எடுங்கள். அவற்றுக்குள்ளேயே இரண்டு சதவீதத்துக்கு மேல் ஆடினால், ஒரு குதிரை கூடியது குறைந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, கோட்டின் வடிவம். உச்சத்தில் உள்ள எண்ணைவிட, அடியிலிருந்து மேல்வரை கோடு எப்படிப் போகிறது என்பது இன்ஜினைப் பற்றி நிறையச் சொல்லும். ஆவடியில் ஒருவரின் 1,489 சி.சி. அம்பாசடர் 3,000 சுற்று வரை அழகாக ஏறி, பிறகு சட்டென்று தொய்ந்தது. ரிங் போய்விட்டது என்று பயந்தார். ரிங் போயிருந்தால் அடியிலிருந்தே இழுவை குறைந்திருக்கும். பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். டயாபிரம் ஊறிப்போய்த் தளர்ந்திருந்தது.

பழைய ரப்பரைக் கெடுப்பதில் இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் கலவை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இருபது சதவீதம் எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 போதும். புதிய கார்களில் கணினி இதைச் சரிசெய்துகொள்ளும். சோலெக்ஸ் கார்புரேட்டருக்கு அந்த வழி இல்லை. பழைய ஜெட்டில் எரிபொருள் போதாமல் இன்ஜின் சூடேறும். ஆகவே சைலன்சரில் லாம்ப்டா சென்சார் வைத்து, கலவையையும் சேர்த்து அளக்கும் இடத்துக்கே பழைய காரைக் கொண்டு போங்கள். அந்த ஒரு கோடு, குதிரைத்திறன் கோட்டைவிட உங்கள் பிஸ்டனைக் காப்பாற்றும். புதிதாக ரீபோர் செய்த இன்ஜினை ரன்னிங்-இன் முடியும்வரை முழுச் சுமையில் ஏற்றவே வேண்டாம்.

டைனோ எண்ணைச் சொல்லிப் பழைய காருக்கு விலை ஏற்றுவதும், அதே எண்ணைச் சொல்லி நல்ல இன்ஜினைப் பிரிக்க வைப்பதும் நடக்கின்றன. இரண்டிலும் நஷ்டம் வண்டியை நேசிப்பவருக்கே. தாளை வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: சக்கரத்திலா, கிராங்கிலா? எந்தத் திருத்த முறை, காரணி எவ்வளவு? எந்த கியர்? டயர் காற்று, காற்றின் வெப்பம், இன்ஜின் சூடு என்ன? இயந்திரத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? இவை இல்லாத எண்ணை வைத்து ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

இவை எல்லாம் உள்ள தாளை ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். பத்மினி 2001-ஐ ஒட்டியும், அம்பாசடர் 2014-லும் உற்பத்தி நின்றுவிட்டன. இனி அந்த இன்ஜின்களைப் பற்றிப் புதிய தகவல் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வராது. நாம் ஒழுங்காக அளந்து எழுதி வைப்பதுதான் அடுத்து அந்த வண்டியைப் பார்த்துக்கொள்பவருக்குக் கிடைக்கப்போகும் கையேடு.