சித்திரை வெயிலில் பிரண்டை வாடாதது ஏன்?

பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும் சித்திரையிலும், காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டு வேலியில் பிரண்டை பச்சையாகவே நிற்கும். யாரும் நீர் ஊற்றுவதில்லை. பிறகு எப்படி?

உணவு தயாரிக்கச் செடிக்குக் கரியமில வாயு வேண்டும். அதற்காக நுண்துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் ஈரமும் ஆவியாகிவிடும். பெரும்பாலான செடிகள் பகலில் திறந்து அந்த நஷ்டத்தை ஏற்கின்றன. பிரண்டைத் தண்டோ இரவில் திறக்கிறது. காற்று குளிர்ந்திருப்பதால் இழப்பு குறைவு. உள்ளே வந்த வாயுவைப் புளிப்பான மாலிக் அமிலமாக்கிச் சேமிக்கிறது. விடிந்ததும் கதவடைத்துவிட்டு, அந்தக் கையிருப்பிலிருந்து சர்க்கரை செய்கிறது. கோடையில் இலைகளையும் உதிர்த்துவிடும். பச்சைத் தண்டே போதும்.

இந்த வித்தையைச் சுவைத்தே கவனித்தவர் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன். இதே வித்தையைச் செய்யும் ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, பகல் ஏற ஏறப் புளிப்பு குறைகிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் அச்சானது. நாக்கைவிட மலிவான ஆய்வுக்கருவி ஏது!

பிரண்டையை வளர்ப்பதும் எளிது. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் நடுங்கள். மண் நன்றாகக் காய்ந்தபின் நீர் விட்டால் போதும். பிரண்டையைக் கொல்வது வறட்சியல்ல, தேங்கும் நீர்தான், வேர் அழுகிவிடும்.

துவையலுக்கு இளந்தண்டைப் பறிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் அரிப்பைத் தரும்.