வேட்டைக் கறியும் தேக சுகமும்

சட்டம் சொல்வது

வேளாங்கண்ணியிலிருந்து தெற்கே வேதாரண்யத்தையும் கடந்து சென்றால் வரும் கோடியக்கரையில், வெளிமான்களைக் காப்பதற்கென்றே 1967-ஆம் ஆண்டில் சரணாலயம் ஏற்பட்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமோ (1972) அம்மானை வேட்டையாடுவோருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைவாசம் விதிக்கிறது. ஆகவே மான் கறியைப் பக்குவம் செய்வது எப்படி என்ற கேள்விக்கே நம் பிராந்தியத்தில் இடமில்லை. ஆயினும், ஐப்பசி மழையோடு வந்திறங்கும் உள்ளான்களையும், வயலில் மேயும் கொக்கு மடையான்களையும் கண்ணி வைத்தும் மருந்து வைத்தும் பிடித்து மறைவாக விற்கும் வழக்கம் டெல்டாவில் இன்னும் அற்றுப்போகாமையால், அதிலுள்ள அபாயத்தைச் சொல்லியே தீரவேண்டும்.

நெருப்பு போக்காதவை

நன்றாக வேகவைத்தால் எந்தத் தோஷமும் நீங்கிவிடும் என்ற நம்பிக்கை நம்மவரிடம் வேரூன்றியிருக்கிறது. கிருமிகளைப் பொறுத்தமட்டில் அது பெரும்பாலும் மெய்யே. ஆனால் குருணை மருந்து கலந்த நெல்லைத் தின்று மயங்கி விழுந்த பறவையின் குடலிலும் சதையிலும் தங்கிய விஷமும், துப்பாக்கி ரவையிலிருந்து இறைச்சிக்குள் சிதறி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடிய ஈயத்துகளும், கொதிக்கவைப்பதனால் போய்விடுமென்று நம்புவதற்கில்லை. பறவை எவ்வாறு செத்தது என்பதை விற்பவன் சொல்லமாட்டான். மசாலாவில் பொரித்தபின் நாக்குக்கும் தெரியாது.

கனடாவில் குடியேறிய நம் உறவினருக்குச் சட்டப்படி மான் கறி கிட்டலாம். ஆயினும் அல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் மான்களைப் பீடிக்கும் மெலிவு நோய்க்குக் காரணமான புரதம் சமையல் உஷ்ணத்தில் அழிவதில்லை. மனிதருக்கு அது தொற்றியதாக நிரூபணம் இல்லையென்றாலும், பரிசோதனையில் நோயற்றதெனத் தெரிந்த கறியையே உண்பது விவேகம்.

காடையும் வாத்தும்

பண்ணைக் காடையும், அறுவடையான வயல்களில் மேய்ச்சலுக்கு ஓட்டிவரும் வாத்தும் நமக்குப் போதுமான ருசியுள்ள பதார்த்தங்கள். காடையை மிளகாய்த்தூள் தடவி நேரே காய்ந்த எண்ணெயில் போட்டால், மேலே சிவந்துவிட்டாலும் தொடை மூட்டில் இரத்தம் கசியும். ஆதலால் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு அரைத்துப் பூசி, சிறிது நீர் தெளித்து மூடி வேகவைத்து, நீர் சுண்டியபின் நல்லெண்ணெயில் புரட்டுவதே முறை. உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் மடியும்; உஷ்ணமானி இல்லாதவர்கள் மூட்டைப் பிரித்துப் பார்த்து, சாறு தெளிந்து சதை வெளுத்திருந்தால் இறக்கலாம். வாத்துக்குச் சிறுதீயும் பொறுமையும் வேண்டும். பச்சைக் கறியைக் குழாயடியில் நீர் தெறிக்கக் கழுவாமல் பாத்திரத்திலேயே அலசி, கையையும் அரிவாள்மணையையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே மற்றக் காய்களைத் தொடுங்கள்.

உள்ளான் கறி என்று வாசலில் வந்து எவரேனும் கூவினால், விலை மலிவென்று வாங்கிவிடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.