குதிரை வாங்கப் போகிறீர்களா? பல்லைப் பாருங்கள்!

திண்டுக்கல்லுக்கும் குதிரைக்கும் பழைய உறவு. 1755-ல் ஐதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்தார். அவர் படைக்குப் பலமே குதிரைதான். பிறகு ஜட்கா வண்டி ஓடியது. பஸ் வந்தது, ஜட்கா மறைந்தது.

இன்று குதிரை வாங்க நினைப்பவர்கள் ஈரோடு மாவட்டம் அந்தியூருக்குப் போகிறார்கள். அங்கே குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். திப்பு சுல்தான் காலத்துச் சந்தை என்பார்கள்.

ராஜஸ்தானத்து மார்வாரி வரும். அதன் காதுகள் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி தொடும். குஜராத்தின் கத்தியவாரிக்கும் அதே காதுதான். நொக்ரா பால் போல வெள்ளை. நாட்டுக் குதிரை சிறியது.

தரகர் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார். அவசரம் வேண்டாம். தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது காசு கொடுத்து வாங்குவது! ஐந்து வயதில் பால் பல் எல்லாம் விழுந்து, புதுப் பல் முளைத்திருக்கும். பிறகு பல் தேயத் தேய வயது கூடுகிறது என்று அர்த்தம்.

பலர் சுழி மட்டும் பார்க்கிறார்கள். நல்ல சுழி இருந்தால் நொண்டிக் குதிரை ஓடிவிடுமா? கெட்டித் தரையில் நடக்க விட்டுப் பார்க்க வேண்டும். குளம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். வளர்க்கத் தெரியாததால் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்தன என்று மார்க்கோ போலோ எழுதினார்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கண்டதைத் தின்றால் வயிற்று வலி வரும், உயிரே போகலாம். குதிரை தரையில் புரண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், உடனே கால்நடை டாக்டரை அழைக்க வேண்டும்.